சாயங்காலம் தாழும் இமை

கண் துடித்தால் நம் ஊரில் எல்லோரும் கவனிப்பார்கள். ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது என்று உடனே பலன் சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருக்கும். அந்தத் துடிப்பு பெரும்பாலும் ஒன்றுமில்லாதது. தூக்கக் குறைவு, அசதி, அதிகமாகக் குடித்த காபி என்று ஏதோ ஒரு காரணத்தால் வந்து, சில நாட்களில் தானே போய்விடும். ஆனால் அதே இமை காலையில் நன்றாகத் திறந்திருந்து, பொழுது சாயச் சாயக் கீழே இறங்கிப் பாதிக் கண்ணை மறைத்தால், "வேலை அலுப்பு" என்று விட்டுவிடுகிறோம். பிள்ளைக்குத் திடீரென்று மாறுகண் விழுந்தால் அதிர்ஷ்டம் என்கிறோம். கவனிக்க வேண்டியதை விட்டுவிட்டுக் கவனிக்க வேண்டாததைக் கவனிக்கும் இந்தப் பழக்கத்துக்குச் சிலர் உயிரையே விலையாகக் கொடுக்கிறார்கள்.

விருத்தாசலம் போன்ற ஓர் ஊரில் இருந்துகொண்டு இதை யோசிப்பது பொருத்தமானது. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெள்ளைக் களிமண், பீங்கான் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம் என்று மண்ணையும் சூளையையும் நம்பிய ஊர் இது. பொம்மைக்குக் கண் எழுதுகிறவருக்கும், சூளையிலிருந்து இறங்கிய சாமானில் மயிரிழை விரிசல் தேடுகிறவருக்கும் இரண்டு விழிகளும் ஒரே புள்ளியில் நின்றாக வேண்டும். ஒரு நாள் ஒரு கோடு இரண்டாகத் தெரிந்தால் அவர் முதலில் போவது கண்ணாடிக் கடைக்கு. கண்ணாடி மாற்றியும் தீராவிட்டால் கண் ஆஸ்பத்திரிக்கு. அங்கே புரை இல்லை, பிரஷர் இல்லை, விழித்திரை நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பார்கள். எழுதியது உண்மைதான். பார்க்கிற உறுப்பில் குறை இல்லை. அதைத் திருப்புகிற ஏற்பாட்டில்தான் குறை.

விழியசைவில் தோன்றும் கோளாறை மட்டும் வைத்து, நோய் நரம்பில் இருக்கிறதா, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறதா, தசையிலா, மூளையிலா என்று எவ்வளவு தூரம் சொல்ல முடியும்? ஒரு நூற்றாண்டு மருத்துவ அனுபவம் தரும் விடை, வியக்கத்தக்க அளவுக்குச் சொல்ல முடியும் என்பதே. அதற்கு வேண்டிய கருவிகளும் பெரியவை அல்ல.

ஒவ்வொரு விழியையும் ஆறு தசைகள் திருப்புகின்றன. மேல் இமையைத் தூக்க இன்னொன்று. மூளையிலிருந்து வரும் மூன்றாவது, நான்காவது, ஆறாவது நரம்புகள் இவற்றை ஆள்கின்றன. உடம்பின் மற்றத் தசைகளிலிருந்து இவை வேறு வகையானவை. தொடைத் தசையில் ஒரு நரம்பணு நூற்றுக்கணக்கான தசை நார்களை இயக்கும்; விழித் தசையில் ஒரு நரம்பணுவுக்குப் பத்து நார்கள் அளவில்தான். அவ்வளவு நுணுக்கம் இல்லாவிட்டால் எழுத்தின் மேல் பார்வையை நிறுத்த முடியாது. நரம்பு அனுப்பும் சமிக்ஞைகளும் இங்கே மிக வேகமானவை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு விழி தாவும்போது நொடிக்கு 500 பாகையைத் தாண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் ஓயாத வேலை என்பதால், சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் இந்த நார்களில் அடர்ந்து கிடக்கும்.

இந்தத் தனித்தன்மைதான் விழித் தசைகளைச் சில நோய்களுக்கு முதல் பலியாக்குகிறது. வேறு சில நோய்களிடமிருந்து கடைசி வரை காப்பாற்றவும் செய்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு விழி ஒரு வரைபடம்.

முதல் பலியாகும் நோய்களில் தலையாயது மையஸ்தீனியா கிரேவிஸ். விருத்தாசலத்துக்காரருக்குப் புரிய ஓர் உவமை சொல்லலாம்: கம்பியில் மின்சாரம் வருகிறது, விளக்கும் பழுதில்லை, நடுவே பியூஸ் கட்டையில் தொடுப்பு தளர்ந்துவிட்டது. நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்து, தசையின் மேலுள்ள ஏற்பிகளில் போய் ஒட்டினால்தான் தசை சுருங்கும். இந்த நோயில் உடம்பின் எதிர்ப்பு மண்டலமே அந்த ஏற்பிகளைத் தாக்கும் ஆன்டிபாடிகளை உண்டாக்குகிறது. முதல் சில அசைவுகளுக்குப் போதுமானது இருக்கும். திரும்பத் திரும்ப வேலை வாங்கினால் தீர்ந்துபோகும். அதனால்தான் காலையில் சரியாக இருப்பவருக்குச் சாயங்காலம் இமை தொங்குகிறது, தூங்கி எழுந்தால் மீண்டும் சரியாகிறது. பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு முதல் அறிகுறி கண்ணில்தான். விழித் தசையில் இந்த ஏற்பிகள் அமைந்த பரப்பின் மடிப்புகள் குறைவு, எதிர்ப்பு மண்டலத்தின் தாக்குதலைத் தடுக்கும் புரதங்களும் குறைவு என்பவை அதற்குச் சொல்லப்படும் காரணங்கள்.

இந்த நோயின் சிகிச்சைக்கு வழி திறந்தவர் லண்டன் கிரீனிச்சில் செயின்ட் ஆல்ஃபீஜஸ் மருத்துவமனையில் வேலை பார்த்த மேரி வாக்கர் என்ற மருத்துவர். அம்பு முனையில் தடவும் குராரே நஞ்சு ஏறியவரின் நிலையும் இந்த நோயாளிகளின் நிலையும் ஒன்றுபோல் இருப்பதைக் கண்டு, குராரேவுக்கு முறிமருந்தாகத் தரும் பைசோஸ்டிக்மினை ஏன் கொடுத்துப் பார்க்கக் கூடாது என்று கேட்டார். 1934இல் கொடுத்தார், தொங்கிய இமை எழுந்தது. பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல், உற்றுப் பார்த்ததிலிருந்தும் சரியான கேள்வியிலிருந்தும் பிறந்த கண்டுபிடிப்பு அது. சிறிய ஊர்களில் வைத்தியம் பார்க்கும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. இன்று கொடுக்கப்படும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அந்த வழியில் வந்ததே.

இந்தியாவில் இந்தப் பெயரைப் பலர் முதன்முதலாகக் கேள்விப்பட்டது 1980களில் நடிகர் அமிதாப் பச்சனுக்கு இந்த நோய் வந்தபோது. அவர் சிகிச்சை பெற்றுத் திரும்பி வந்து இன்றுவரை நடிக்கிறார் என்பதே, இது தீர்ப்பெழுதிவிட்ட நோய் அல்ல என்பதற்குப் போதுமான சான்று.

கண்டுபிடிக்கும் வழிகள் எளியவை. நோயாளியை ஒரு நிமிடம் தலையைத் தூக்காமல் விழியை மட்டும் உயர்த்திக் கூரையைப் பார்த்தபடி இருக்கச் சொன்னால் இமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். தொங்கும் இமையின் மேல் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 2 நிமிடம் வைத்து எடுத்ததும் இமை 2 மில்லிமீட்டராவது உயர்ந்தால் மையஸ்தீனியா என்ற சந்தேகம் வலுக்கும். குளிர்ச்சியில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி மந்தமாவதால் இருப்பது கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கிறது. ஐஸ் கட்டி கிடைக்காத ஊர் இல்லை. நியோஸ்டிக்மின் ஊசி போட்டுப் பார்ப்பதும் நம் மருத்துவமனைகளில் வழக்கமே. ரத்தப் பரிசோதனையைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. உடம்பு முழுதும் பரவியவர்களில் சுமார் 85 சதவீதம் பேரின் ரத்தத்தில் ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி காணப்படும். கண்ணில் மட்டும் நிற்பவர்களிடம் அது ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான். 2001இல் மஸ்க் என்ற வேறொரு புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியும் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே "டெஸ்டில் ஒன்றுமில்லை" என்ற சீட்டு, இமை சொல்வதை மறுத்துவிடாது. இந்த இடத்தில் நான் பரிசோதனைக் கூடத்தைவிட இமையைத்தான் நம்புவேன்.

கண்ணோடு நிற்கிற நோய்தானே என்று இருந்துவிடவும் கூடாது. கண்ணில் தொடங்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் 2 ஆண்டுகளுக்குள் விழுங்கும் தசைக்கும் கை கால்களுக்கும் நோய் பரவுகிறது. மூச்சுத் தசையைத் தொட்டால் அவசர சிகிச்சைதான். பத்தில் ஒருவருக்கு மேல் நெஞ்சுக்கூட்டில் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கும் என்பதால் ஸ்கேன் அவசியம். கட்டி இல்லாத நோயாளிகளுக்கும் தைமஸை அகற்றுவது பயன் தருகிறது என்பதை 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வு உறுதிப்படுத்தியது. இன்னொன்று: சாதாரணக் காய்ச்சலுக்கு ஊசி போடும்போது ஜென்டாமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள், நரம்பில் ஏற்றும் மக்னீசியம் ஆகியவை இந்த நோயாளியின் மூச்சையே நிறுத்தக்கூடும். நோய் இருப்பவர் எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வார்த்தையாக இதைச் சொல்ல வேண்டும்.

மையஸ்தீனியாவின் மர்மம் அவிழ்ந்ததில் ஒரு பாம்புக்குப் பங்கு உண்டு. தைவானில் சாங், லீ என்ற இரு ஆய்வாளர்கள் கட்டுவிரியன் இனப் பாம்பொன்றின் விஷத்திலிருந்து 1963இல் ஆல்ஃபா பங்காரோடாக்சினைப் பிரித்தெடுத்தார்கள். அது அசிட்டைல்கோலின் ஏற்பியை விடாமல் பற்றிக்கொள்ளும். அதையே அடையாளமாகக் கொண்டு, மையஸ்தீனியா நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் குறைந்திருப்பதை ஃபாம்பரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி மூவரும் 1973இல் எண்ணிக் காட்டினார்கள். பாம்பு விஷம் தாக்குவதும் மையஸ்தீனியா தாக்குவதும் ஒரே சந்திப்பைத்தான். அதனால்தான் பாம்பு கடித்தவரின் முகமும் மையஸ்தீனியாக்காரரின் முகமும் அவ்வளவு ஒத்திருக்கின்றன.

கடலூர் மாவட்டத்து நெல் வயல், கரும்புக் கொல்லை, முந்திரித் தோப்பு இவற்றின் நடுவே வாழும் மக்களுக்கு மையஸ்தீனியாவைவிடப் பாம்புக்கடிதான் பெரிய விஷயம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடிக்கிறது. பல் பட்ட தடம் தெரியாது, வீக்கம் இருக்காது, பலருக்கு வலியும் இல்லை. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி என்று எழுந்திருப்பார். வீட்டில் நேற்றுச் சாப்பிட்டது சேரவில்லை என்பார்கள், ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். அதற்குள் இமைகள் இறங்கத் தொடங்கியிருக்கும். அடுத்து எல்லாம் இரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு மூக்கால் வரும், கடைசியில் மூச்சு. கண்ணாடி விரியன் போன்றவற்றின் விஷத்தைக் காட்டும் 20 நிமிட ரத்தம் உறையும் பரிசோதனை இங்கே உதவாது. கட்டுவிரியன் கடித்தவரின் ரத்தம் ஒழுங்காகவே உறையும். சாட்சி சொல்ல இருப்பது இமை ஒன்றுதான்.

கடித்த பாம்பு எது என்பதும் இங்கே முக்கியம். நல்ல பாம்பின் விஷம் தசைப் பக்கத்து ஏற்பியை மறிக்கிறது. நச்சுமுறி மருந்தோடு நியோஸ்டிக்மின் கொடுத்தால் பலருக்கு இமை சீக்கிரம் எழும். கட்டுவிரியனின் விஷம் நரம்பு நுனியையே அழிக்கிறது. அழிந்த நுனி மறுபடி வளர நாட்களோ வாரங்களோ ஆகும். அதுவரை வென்டிலேட்டர்தான் அவரைத் தாங்க வேண்டும். அந்த நிலையில் விழி அசையாமல், கண்மணி விரிந்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல் கிடப்பவர் மூளைச்சாவு அடைந்தவரைப் போலவே தோன்றுவார். உள்ளே அவருக்கு நினைவு தெளிவாக இருக்கலாம். இப்படிப்பட்டவர்கள் முழுதாகப் பிழைத்து எழுந்ததை இந்திய மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. கடித்தது பாம்பு என்று தெரிந்தால், அந்தக் கண்களைப் பார்த்து நம்பிக்கையை விட்டுவிடக் கூடாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கண்ணாடி விரியன் கடியும் இமையைத் தாழ்த்துவது உண்டு.

இதற்கான நச்சுமுறி மருந்தின் பின்னால் தமிழ்நாட்டு இருளர்களின் உழைப்பு இருக்கிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிலிருந்தும் விஷம் எடுத்துத் தருகிறது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. வேண்டிய முடிவு, இன்னும் முன்பே வந்திருக்க வேண்டியதும்கூட.

வயல்காட்டில் இன்னொரு நஞ்சும் இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து உடம்பில் ஏறியவர் முதல் நாள் கண்டத்தைத் தாண்டி, எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விட்ட பிறகு, 24 முதல் 96 மணி நேரத்துக்குள் திடீரென்று கழுத்தைத் தூக்க முடியாமல், முகத்து நரம்புகள் செயலிழந்து, மூச்சுத் திணறுவதை இலங்கை மருத்துவர்கள் சேனாநாயக்கவும் கரல்லியத்தவும் 1987இல் முதன்முதலாக விவரித்தார்கள். இடைநிலைக் கூட்டறிகுறி என்று அவர்கள் வைத்த பெயர் உலகெங்கும் நிலைத்துவிட்டது. வார்டில் இருக்கும் நோயாளியின் கழுத்தையும் கண்ணையும் தினமும் பார்ப்பதுதான் அதை முன்கூட்டிப் பிடிக்கும் வழி.

நரம்பிலேயே பழுது என்றால் கோலம் மாறும். நீரிழிவுக்காரருக்கு ஒரே கண்ணின் மூன்றாவது நரம்பு செயலிழந்து இமை விழுந்தாலும் கண்மணி பெரும்பாலும் தப்பிவிடும். சில மாதங்களில் சரியாகிவிடும். கடும் தலைவலியோடு இமை விழுந்து கண்மணியும் விரிந்திருந்தால் மூளை ரத்தக் குழாயில் புடைப்பு இருக்கலாம். அது ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட முடியாத நிலை. சில நாட்களுக்குள் இரு விழிகளும் அசையாமல் போய், நடை தள்ளாடி, முழங்காலைத் தட்டியும் கால் துள்ளாவிட்டால், அது மில்லர் ஃபிஷர் 1956இல் விவரித்த நோய். 2021இல் கொரோனாவுக்குப் பின் கரும்பூஞ்சை வந்தவர்களிடமும் விழி அசையாமல் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

தசையிலேயே குறை இருந்தால் வேகம் இராது. மைட்டோகாண்ட்ரியா பழுதான குடும்பங்களில், ஆண்டுக்கணக்கில் இரண்டு இமைகளும் ஒன்றுபோல் தாழ்ந்து, விழிகள் எல்லாத் திசையிலும் அசைவிழந்து வரும். இரண்டும் சமமாகக் குறைவதால் இரட்டைப் பார்வை பலருக்கு இருக்காது. தலையையே திருப்பிப் பார்க்கப் பழகிவிடுவார்கள். பழைய புகைப்படங்களை அடுக்கிப் பார்த்தால் இமை இறங்கிவந்த வரலாறு தெரியும். இவர்களில் சிலருக்கு, குறிப்பாக 20 வயதுக்குள் தொடங்கியவர்களுக்கு, இதயத் துடிப்பின் மின்பாதை அடைபடும். இமைக்காக வந்தவருக்கு ஈசிஜி எடுக்காமல் அனுப்பக் கூடாது.

மூளைக் கோளாறுகளைப் பற்றி இந்தக் கட்டுரை விரித்துப் பேசவில்லை என்றாலும், ஓர் இந்தியப் பங்களிப்பைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. பம்பாயில் நோஷிர் வாடியாவும் சுவாமியும் 9 குடும்பங்களை ஆராய்ந்து, தள்ளாட்டத்தோடு விழியின் தாவல் மிக மெதுவாகிப்போகும் ஒரு பரம்பரை நோயை 1971இல் எழுதினார்கள். இன்று எஸ்சிஏ2 எனப்படும் அந்த நோய்க்கான மரபணு 1996இல்தான் கிடைத்தது. விழியைப் பார்த்தே நோயைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். இதன் உறவான எஸ்சிஏ1 தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தினரிடையே மிகுந்திருப்பதைச் சென்னை மருத்துவர்கள் 2005இல் வெளியிட்டார்கள். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இருந்த தள்ளாட்டம் மகனுக்கும் வந்தால் குடியை மட்டும் குறை சொல்லாமல் அவர் விழி எவ்வளவு வேகமாகத் தாவுகிறது என்று பார்ப்பது நியாயம்.

விழி பாதிக்கப்படாமல் இருப்பதும் ஒரு தகவல்தான். மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970இல் சென்னையிலிருந்து விவரித்த, உலகம் இன்றும் ‘மெட்ராஸ்’ என்ற பெயரோடு அழைக்கும் மோட்டார் நியூரான் நோயில் இளம் வயதினருக்குக் கை கால் மெலிகிறது, முகமும் நாக்கும் தளர்கின்றன, காது கேட்காமல் போகிறது. விழியசைவு மட்டும் தங்கிவிடுகிறது. பொதுவாக மோட்டார் நியூரான் நோய்களிலும் டுஷேன் தசை நோயிலும் அப்படித்தான். கை கால் முழுக்கப் போன ஒருவர் விழியால் எழுத்தைச் சுட்டிப் பேசும் கருவிகள் இதனால்தான் சாத்தியமாயின. அப்படிப்பட்டவருக்கு இமை தொங்கினால், விழி நின்றால், நோயின் பெயரையே மறுபரிசீலனை செய்ய வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படும் மையஸ்தீனியா தவறான பெயரில் ஒளிந்திருக்கலாம்.

பீங்கான் தொழிலாளருக்கு ஒரு சந்தேகம் வரும்: மெருகுப் பூச்சில் கலக்கும் உலோகங்களால் இப்படி ஆகுமா? ஈயம் சேர்ந்த மெருகு, குயவர்களின் மணிக்கட்டைத் தொங்க வைத்த பழைய வரலாறு உண்டு. பெரியவர்களில் அது கையை நீட்டும் தசைகளைத்தான் முதலில் பிடிக்கிறது; விழித் தசைகளை வழக்கமாகத் தொடுவதில்லை. ஆகவே இமை தாழ்ந்தால் சூளையைக் குற்றம் சொல்லிக்கொண்டு இருந்துவிடாமல் வேறு காரணம் தேட வேண்டும். மணிக்கட்டு தொங்கினால் ரத்தத்தில் ஈயத்தை அளக்க வேண்டும். சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுப்பது வேறு கதை.

விழியசைவைக் கேமராவால் அளக்கும் கருவிகள் பெரிய ஊர்களில் வந்துவிட்டன. ஒற்றைத் தசை நாரின் மின்னோட்டத்தைப் பதியும் பரிசோதனை மையஸ்தீனியாவை மிக நுட்பமாகப் பிடிக்கும். அவை ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளில் இருக்கட்டும். விருத்தாசலத்து அரசு மருத்துவமனையின் ஓ.பி.யில் ஒரு விரல், ஒரு டார்ச், ஒரு ஐஸ் கட்டி, ஐந்து நிமிடப் பொறுமை இருந்தால் யாரை உடனே அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்துவிடலாம். கூட்டத்தில் அந்த ஐந்து நிமிடம் கிடைப்பது கடினம் என்பதை அறிவேன். ஆனாலும் இமை தாழ்ந்து வருபவருக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

வாசகர்கள் செய்யக்கூடியது இது. எல்லாம் இரண்டாகத் தெரிந்தால் ஒரு கண்ணைக் கையால் மூடிப் பாருங்கள். ஒற்றைக் கண்ணிலும் இரண்டாகவே தெரிந்தால் கண் மருத்துவரிடம் போங்கள். மூடியவுடன் ஒன்றாகிவிட்டால் குறை விழியைத் திருப்பும் ஏற்பாட்டில். நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். இமை சாயங்காலம் மட்டும் தொங்குகிறதென்றால், காலை ஓ.பி. நேரத்தில் அது தெரியாமல் போகும்; அதனால் சாயங்காலத்திலேயே செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தரையில் படுத்து எழுந்தவருக்கு விடியற்காலையில் வயிறு வலித்து இமையும் இறங்கினால், கடித்த தடத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் 108க்கு அழையுங்கள்.